ஃபிராங்க்ளின் ஒண்டுக்குடித்தனம் இருந்த தெரு

லண்டனில் ஒரே ஒரு பகல் கையில் இருக்கிறது, ஜார்ஜியன் காலத் தெரு ஒன்றைப் பார்க்க ஆசை, எங்கே போவது? அங்கே இருப்பதெல்லாம் ஒரே மாதிரி செங்கல் வீடுகள்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது, பெரிய மனிதர்கள் யாராவது வாழ்ந்திருக்கிறார்களா? கேள்வி இதுதான்.

வழக்கமாக இதற்கு பெட்ஃபோர்ட் சதுக்கத்தைச் சொல்வார்கள். ஊர் தாண்டிப் போக முடியும் என்றால் பாத் நகரத்தின் ராயல் கிரெசென்ட்டைச் சொல்வார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் என்னைக் கேட்டால் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் கிரேவன் தெருவுக்குப் போங்கள் என்பேன். ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். பெரிய கடைகள் இல்லை, மரங்கள் இல்லை, புகைப்படம் எடுக்கிற கூட்டமும் இல்லை. அமெரிக்க அரசியல்வாதியும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிக் ஹைனே, அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் மூவரும் வெவ்வேறு காலத்தில் இந்தச் சின்னத் தெருவில் குடியிருந்தார்கள். மூவரில் ஒருவருக்குக்கூட இங்கே சொந்த வீடு கிடையாது. மூவரும் வாடகைக்கு இருந்தவர்கள். நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். அது ஏன் அப்படி அமைந்தது என்பதற்கான பதில் அந்த வீடுகளைக் கட்டிய விதத்திலேயே இருக்கிறது. அதனால் கட்டடத்தையும் ஆட்களையும் தனித்தனியாகச் சொல்லாமல் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜார்ஜியன் என்றதும் ஜார்ஜியா நாட்டையோ அமெரிக்க மாநிலத்தையோ நினைக்க வேண்டாம். 1714 முதல் 1830 வரை பிரிட்டனை ஆண்ட நான்கு ராஜாக்களுக்கும் ஜார்ஜ் என்று பெயர். முதலாம் ஜார்ஜ் தொடங்கி நான்காம் ஜார்ஜ் வரையிலான காலத்துக் கட்டடங்களை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிரேவன் தெருவின் மேல் முனை ஸ்ட்ராண்ட் என்ற பெரிய சாலையில் தொடங்குகிறது. அங்கிருந்து தேம்ஸ் ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. பழைய பெயர் ஸ்பர் சந்து. இடம் கிரேவன் பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தம். 1730 வாக்கில் அந்தச் சந்தில் இருந்ததை இடித்துப் புதிதாக வீடுகள் எழுப்பினார்கள், தெருவுக்குக் குடும்பத்தின் பெயரே நிலைத்தது. ஆற்றுப் பக்கத்து முனையில் உள்ள சில வீடுகள் அதற்கும் பின்னால், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. ஆக, தெருவின் மேலிருந்து கீழே நடந்தால் அறுபது வருஷ மாற்றத்தை ஜன்னல்களில் பார்த்துக்கொண்டே போகலாம்.

அந்தக் காலத்து லண்டனில் வீடு கட்டும் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்த ஒரே மாதிரித் தோற்றத்தின் காரணம் புரியும். பிரபு நிலத்தை விற்கமாட்டார். நீண்ட காலக் குத்தகைக்கு விடுவார். எடுப்பவர் பெரும்பாலும் கொத்தனாரோ தச்சரோ, சின்ன முதலீட்டாளரோதான். கட்டி முடிக்கும் வரை பேருக்கு ஒரு குண்டுமிளகு வாடகை, பிறகு வருஷத்துக்கு இவ்வளவு என்று நிலவாடகை. குத்தகை முடிந்ததும் நிலம் மட்டுமல்ல, மேலே நிற்கிற வீடும் பிரபுவின் வாரிசுக்குப் போய்விடும். தன் பேரன் அனுபவிக்கப் போகாத வீட்டை எந்தக் கொத்தனார் கோட்டை மாதிரி கட்டுவார்? கையில் இருக்கிற பணத்தில் சீக்கிரம் கட்டி, சீக்கிரம் விற்று, அடுத்த மனைக்குப் போக வேண்டும். தெரு முகப்பின் ஒவ்வொரு அடியும் காசு. அதனால் குறுகலாகவும் ஆழமாகவும் உயரமாகவும் கட்டினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பொதுச்சுவர். முகப்பில் இரண்டு அல்லது மூன்று ஜன்னல் அகலம்தான்.

முகத்துக்கு மட்டும் நல்ல செங்கல் வைத்து, உள்ளே தெரியாத இடத்தில் மட்டமான செங்கலை அடுக்கியது அக்காலத்தில் சர்வசாதாரணம். சில இடங்களில் முகப்புச் செங்கலைப் பாதியாக உடைத்து, குறுக்குக் கல் போலக் கண்ணுக்குக் காட்டி ஒட்டியிருப்பார்கள். வெளியே பார்த்தால் கச்சிதமான கட்டு. உண்மையில் முகப்புச் செங்கலுக்கும் அதன் பின்னால் உள்ள செங்கலுக்கும் பிடிப்பு குறைவு. சுவரின் நடுவே மரச்சட்டங்களைப் படுக்கவைத்துக் கட்டும் வழக்கமும் இருந்தது. அந்த மரம் உளுத்தால் சுவர் வயிறு தள்ளும். அப்படிப்பட்ட வீடுகள் முந்நூறு வருஷம் நிற்பது கட்டியவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

சரி, முகப்பில் என்ன பார்ப்பது? ஜன்னலைப் பாருங்கள். 1666 பெருந்தீ லண்டன்காரர்களின் மனதை விட்டுப் போகவே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரம்தான் தீயை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கடத்துகிறது என்ற பயம். 1707-இல் ஒரு சட்டம் வந்து கூரை விளிம்பின் மர வேலைப்பாட்டைத் தடுத்தது. அதிலிருந்துதான் முன்சுவரைக் கூரைக்கு மேலே தூக்கிக் கைப்பிடிச் சுவராக முடிக்கும் பழக்கம் பரவியது. தெருவில் நின்றால் கூரை கண்ணில் படாமல் சுவர் நேராக வானத்தில் முடிகிற மாதிரித் தெரிவது இதனால்தான். 1709-இல் இன்னொரு சட்டம்: ஜன்னல் சட்டத்தைச் சுவரின் முகத்தோடு ஒட்டி வைக்கக் கூடாது, குறைந்தது 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். 1774-இல் மூன்றாவதாக வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மேலும் கீழும் தள்ளித் திறக்கிற அந்த ஜன்னல்களின் மரப்பெட்டி முழுவதையும் செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. எனவே கண்ணாடியைச் சுற்றி அகலமான வெள்ளை மரச்சட்டம் தெரிந்தால் அது பெரும்பாலும் 1774-க்கு முந்தைய வீடு. ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் பிந்தையது. இதை ஒரு தடவை பழகிவிட்டால் லண்டனில் எந்தத் தெருவிலும் வீட்டின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். பின்னால் வந்தவர்கள் ஜன்னலை மாற்றியிருந்தால் மட்டும் கணக்கு தப்பும்.

அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் அது ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது உண்மை. ஆனால் முகப்பு சமச்சீராக இருக்க வேண்டும் என்பதற்காக, பின்னால் புகைபோக்கியோ சுவரோ வருகிற இடத்தில் வெறும் ஜன்னல் வடிவத்தை மட்டும் கட்டிவிட்டுப் போனவையும் நிறைய. எல்லாப் பழியையும் வரியின் தலையில் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, தளத்துக்குத் தளம் ஜன்னலின் உயரம் மாறும். முதல் மாடியில்தான் ஜன்னல்கள் மிக உயரம். விருந்தினரை உட்காரவைக்கும் கூடம் அங்கேதான். மேலே போகப் போக ஜன்னல் குறுகிவிடும், உச்சியில் வேலைக்காரர்கள் படுக்கிற அறைகளுக்குச் சின்னச் சதுரம் போதும் என்று விட்டுவிடுவார்கள். தெருவில் நின்றபடியே எந்த மாடியில் எந்த அந்தஸ்து என்று வாசித்துவிடலாம். வாசற்கதவுக்கு மேலேதான் கொஞ்சம் ஆடம்பரம். இங்கே சில வீடுகளின் மர நிலைகளில் செதுக்கிய தாங்கிகள் இருக்கின்றன. நடைபாதையில் வட்டமான இரும்பு மூடிகள் பதித்திருந்தால் அதையும் கவனியுங்கள். அவை நிலக்கரி கொட்டுகிற வழி. வண்டிக்காரன் வீட்டுக்குள் கால் வைக்காமல் தெருவிலிருந்தே மூட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போவான். அடியில் நிலவறை, அதை ஒட்டிச் சமையலறை.

உள் அமைப்பு இதைவிட எளிது. ஒவ்வொரு தளத்திலும் முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, பக்கத்தில் மாடிப்படி. பின்னறையை ஒட்டி ஒரு குட்டி அறை சில வீடுகளில் இருக்கும். அவ்வளவுதான் வீடு. ஒரே குடும்பம் மேலும் கீழும் ஏறி இறங்கி வாழ்வதற்காக யோசித்த திட்டம் இது. ஆனால் பாருங்கள், எந்த அறைக்குப் போவதற்கும் இன்னொருவர் அறைக்குள் நுழைய வேண்டியதில்லை, படிக்கட்டு பொது. முதல் மாடி ஒருவருக்கு, இரண்டாம் மாடி இன்னொருவருக்கு என்று போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட இதைவிட வசதியான வீட்டை யாரும் வரைந்திருக்க முடியாது. கணவனை இழந்த பெண்களுக்கு லண்டனில் மானமாகப் பிழைக்கக் கிடைத்த சில வழிகளில் இது ஒன்று: ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, கீழே தான் இருந்துகொண்டு, மேலே ஆட்களை வைத்துக்கொள்வது. பாராளுமன்றமும் அமைச்சர் அலுவலகங்களும் நடந்துபோகிற தூரத்தில் இருந்தன. வழக்குக்காகவும் மனுவோடும் ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கு கிரேவன் தெரு ரொம்பத் தோது.

இந்த வீடுகளைப் பற்றி அந்தக் காலத்திலேயே கச்சிதமாக எழுதியவர் ஹைனே. 1827-இல் சில மாதங்கள் இங்கிலாந்தில் இருந்தார், இந்தத் தெருவின் 32-ஆம் எண்ணில் தங்கினார். நினைவுப் பலகை இன்றும் இருக்கிறது. அரண்மனைகளை எதிர்பார்த்து வந்தவருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சின்ன வீடுகள். ஈரக்காற்றிலும் கரிப்புகையிலும் எல்லாச் செங்கல்லும் ஒரே பச்சை கலந்த பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டன, எல்லாமே இரண்டு மூன்று ஜன்னல் அகலம், மூன்று மாடி உயரம், கூரை மேலே நிற்கிற சிவப்புக் குழாய்கள் ரத்தம் வடியப் பிடுங்கிய பற்கள் மாதிரி இருக்கின்றன என்றார். அகலமான தெருக்கள் முடிவில்லாத ராணுவக் குடியிருப்பு வரிசை போலத் தெரிந்தனவாம். அதற்கு அவரே காரணமும் சொல்கிறார்: எவ்வளவு சின்னக் குடும்பமாக இருந்தாலும் ஆங்கிலேயனுக்குத் தனி வீடு வேண்டும், அது அவனுடைய கோட்டை, அந்த ஆசையை வைத்துப் பணக்கார வியாபாரிகள் தெருத்தெருவாகக் கட்டி விற்கிறார்கள். ஒரு தத்துவவாதியை லண்டனுக்கு அனுப்புங்கள், தயவுசெய்து கவிஞனை மட்டும் அனுப்பாதீர்கள் என்பதும் அவர் எழுதியதுதான். ஆங்கிலேயனின் தனிக்கோட்டை என்று கேலி செய்தவர், அப்படிப்பட்ட கோட்டை ஒன்றில் வாடகை கொடுத்துத்தான் இருந்தார்.

இப்போது ஃபிராங்க்ளின். இன்றைய 36-ஆம் எண் வீடு. உலகத்தில் அவர் குடியிருந்த வீடுகளில் மிஞ்சி நிற்பது இது ஒன்றுதான். ஃபிலடெல்ஃபியாவில் அவர் தனக்காகக் கட்டிய வீடு போய்விட்டது, லண்டனில் அவர் வாடகைக்கு இருந்த வீடு நிற்கிறது!

1757-இல் வந்தார். பென்சில்வேனியா சட்டமன்றம் அவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியிருந்தது. அந்த மாகாணத்தின் உரிமையாளர்களான பென் குடும்பத்தார் தங்கள் நிலத்துக்கு வரி கட்ட மறுத்தார்கள், அதைப் பேசித் தீர்க்கத்தான் வந்தார். கொஞ்ச நாள் வேலை என்று நினைத்தவர், 1762 முதல் 1764 வரை ஊருக்குப் போய்வந்ததைத் தவிர, 1775 வரை இதே தெருவில் இருந்துவிட்டார். வீட்டுக்காரம்மா மார்கரெட் ஸ்டீவன்சன் கணவனை இழந்தவர், பாலி என்று ஒரு மகள். ஃபிராங்க்ளினின் மனைவி டெபோரா கடல் பயணத்துக்குப் பயந்து ஃபிலடெல்ஃபியாவிலேயே இருந்துவிட்டார். நான்கு அறைகள், எல்லாம் கௌரவமாக இருக்கிறது, ஆனால் இந்த ஊரில் எதைத் தொட்டாலும் செலவு என்று மனைவிக்கு எழுதினார். வாடகை வீட்டில் ஆரம்பித்தது, போகப் போக லண்டனில் அவருக்கு இரண்டாவது குடும்பமாகவே ஆகிவிட்டது.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டுச் சொல்வது சரியில்லை. ஃபிராங்க்ளினும் மகன் வில்லியமும் பீட்டர், கிங் என்ற இரண்டு அடிமைகளை அழைத்து வந்திருந்தார்கள். கிங் ஒரு நாள் ஓடிவிட்டார். சஃபோக் பகுதியில் ஒரு சீமாட்டியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே எழுதப் படிக்கவும் வயலினும் ஊதுகொம்பும் கற்றுக்கொண்டார் என்பது ஃபிராங்க்ளினின் கடிதம் மூலமாகவே நமக்குத் தெரிகிறது. விடுதலையைப் பற்றிப் பிற்காலத்தில் அவ்வளவு பேசியவர் வீட்டிலிருந்து முதலில் விடுதலை ஆனவர் கிங்தான்.

அந்த அறைகளில் ஃபிராங்க்ளின் செய்யாத வேலை இல்லை. 1761-இல் ஒருவர் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளை விரலால் தேய்த்து வாசித்ததைக் கேட்டார். நம் ஜலதரங்கத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், குச்சிக்குப் பதில் ஈரவிரல். கோப்பைகளுக்குப் பதில் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே அச்சில் கோத்து, காலால் மிதித்துச் சுழற்றி வாசிக்கிற ஆர்மோனிகா என்ற கருவியாக அதை மாற்றினார். பிறகு மோசார்ட்டே அதற்கு இசை அமைத்தார். அட்லாண்டிக் கடலில் ஓடும் வளைகுடா நீரோட்டத்தை வரைபடமாக்கியதும் இந்தக் காலத்தில்தான். இங்கிலாந்திலிருந்து போகிற தபால் கப்பல்கள் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டபோது விவரம் சொன்னவர் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த கப்பல் தலைவர் டிமோத்தி ஃபோல்ஜர், ஃபிராங்க்ளினுக்கு அம்மா வழி உறவு. திமிங்கிலம் பிடிக்கிறவர்களுக்கு அந்த நீரோட்டம் உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். இந்த ஃபோல்ஜர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

காலையில் எழுந்ததும் அரை மணியோ ஒரு மணியோ உடம்பில் துணியே இல்லாமல் அறையில் உட்கார்ந்து படிப்பார், எழுதுவார். குளிர்ந்த நீரில் முங்குவதைவிடக் காற்றில் குளிப்பது உடம்புக்கு நல்லது என்பது அவர் கொள்கை. 1768-இல் ஒரு பிரெஞ்சு மருத்துவருக்கு அவரே இதை எழுதியிருக்கிறார். எதிர் வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் கடிதம் இல்லை. தெருவின் அகலத்தைப் பார்த்தால் உங்களுக்கே தோன்றும்.

1770-இல் வீட்டுக்காரம்மா சில நாள் ராச்செஸ்டர் போனார். புதிதாகக் கல்யாணமான பாலியும் மாப்பிள்ளையும் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அரண்மனைச் செய்திகளைப் பத்திரிகைகள் எழுதுகிற பாணியைக் கேலி செய்து ஃபிராங்க்ளின் வீட்டுக்குள்ளேயே ஒரு போலிப் பத்திரிகை எழுதினார். மார்கரெட் அதில் மகாராணி, ஃபிராங்க்ளின் தன் உடம்பின் பருமனால் ஒரு 'பெரிய மனிதர்', அந்தப் பெரிய மனிதருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வராததால் ஆட்சி கவிழ்கிற அளவுக்குக் கொந்தளிப்பு. 64 வயசு மனிதர் எழுதியது. எனக்கு அவருடைய எழுத்தில் இதுதான் பிடித்தது.

அந்த மாப்பிள்ளை வில்லியம் ஹ்யூசன். ரத்தம் எப்படி உறைகிறது என்பதையும், உடம்பின் நிணநீர்க் குழாய்களையும் ஆராய்ந்தவர். 1769-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் கோப்லி பதக்கம் வாங்கியவர். தன் ஆசான் வில்லியம் ஹன்ட்டரோடு மனஸ்தாபம் ஆகித் தனியே வந்தார். 1772-இல் இந்த வீட்டில் உடற்கூறு பள்ளி தொடங்கினார். மார்கரெட்டும் ஃபிராங்க்ளினும் அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு மாறி இடம் கொடுத்தார்கள். மாணவர்களுக்கு அறுத்துக் காட்ட உடல்கள் வேண்டும். சட்டப்படி கிடைத்தவை தூக்கில் போட்டவர்களின் உடல்கள், அவை போதவே போதாது. மீதியை இரவில் கல்லறை தோண்டுகிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். வாங்கியதை வெளியே கொண்டுபோய்ப் புதைப்பது அதைவிட ஆபத்து.

220 வருஷம் கழித்து, 1990-களின் இறுதியில் பாழடைந்து கிடந்த வீட்டைச் செப்பனிட வந்தவர்கள் அடித்தளத் தரையில் எலும்புகளைக் கண்டார்கள். காவல்துறை வந்தது. 1,200-க்கு மேற்பட்ட துண்டுகள், குறைந்தது 15 பேருடையவை, அதில் குழந்தைகளும் உண்டு. அறுத்த தொடையெலும்பு, துளையிட்ட மண்டையோடு, கூடவே ஆமை எலும்பும் பாதரசமும். பாதரசத்தைப் பார்த்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. ஆமையின் உடம்புக்குள் பாதரசம் செலுத்தி நிணநீர்க் குழாய்களைக் காட்டியவர் ஹ்யூசன். ஃபிராங்க்ளின் கொலைகாரரா என்று அப்போது கிளம்பிய பேச்சு இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். அவருக்கு இந்த வகுப்புகள் தெரியாமல் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். ஹ்யூசனின் முடிவு அந்தத் தொழிலிலேயே வந்தது. 1774-இல் உடலை அறுக்கும்போது பட்ட காயம் சீழ்பிடித்து, 34 வயசில் இறந்தார். பாலி பிறகு குழந்தைகளோடு ஃபிலடெல்ஃபியாவுக்கே போய்விட்டார். 1790-இல் ஃபிராங்க்ளின் இறந்தபோது பக்கத்தில் இருந்தார்.

அதே 1774, ஃபிராங்க்ளினுக்கும் மோசமான வருஷம். மாசசூசெட்ஸ் ஆளுநரின் கடிதங்களைக் கசியவிட்டார் என்று ஜனவரி 29 அன்று வைட்ஹாலில் பிரபுக்கள் முன்னால் நிற்கவைத்தார்கள். ஒரு காலத்தில் சேவல் சண்டை நடந்த இடம் அது, பெயரும் அப்படியே இருந்தது. அரசு வழக்கறிஞர் வெட்டர்பர்ன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார், கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபிராங்க்ளின் ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றுகொண்டே கேட்டுவிட்டு கிரேவன் தெருவுக்கு நடந்தார். உடனே அஞ்சல் துறைப் பதவியும் போயிற்று. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1775 ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. முன்னாள் பிரதமர் சாத்தம் பிரபு அமெரிக்கச் சமரசத் திட்டத்தைப் பற்றிப் பேச ஃபிராங்க்ளினின் வீட்டுக்கே வந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தார். ஜனங்கள் தேவாலயத்திலிருந்து திரும்புகிற நேரம், பிரபுவின் வண்டி வாசலில் நிற்கிறது. முந்தைய வருஷத்து அவமானத்தின் அதே தேதி என்பதால் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்று ஃபிராங்க்ளினே ஒப்புக்கொள்கிறார். பேச்சு பலிக்கவில்லை. இரண்டு மாதத்தில் கப்பல் ஏறிவிட்டார்.

அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு அமெரிக்கர் ஆரன் பர். துணை ஜனாதிபதியாக இருக்கும்போதே, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றவர். 1808-இல் நாட்டைவிட்டு வந்து இந்தத் தெருவில் கொஞ்ச காலம் தங்கியிருந்தார். அதைத் தாண்டிச் சொல்ல அதிகம் இல்லை. 27-ஆம் எண்ணில் இருந்த வழக்கறிஞரும் நகைச்சுவைக் கவிஞருமான ஜேம்ஸ் ஸ்மித்தைச் சொல்லலாம், 1839-இல் இங்கேயேதான் இறந்தார். தெருவின் மேலே பத்து வக்கீல்கள், அடியில் பத்து நிலக்கரிப் படகுகள், நேர்மையே ஓடிப் போய்விடு என்று நாலு வரி எழுதினார். ஆங்கிலத்தில் படகுக்கும் சூழ்ச்சிக்கும் 'கிராஃப்ட்' என்ற ஒரே சொல், அதை வைத்து விளையாடியது. இன்னொரு வழக்கறிஞர் பதில் கொடுத்தார்: நேர்மை ஏன் ஓட வேண்டும், வக்கீல்கள் 'ஜஸ்ட்' மேலே, படகுகள் 'ஜஸ்ட்' கீழே என்று. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'நேர்மையான' என்றும் பொருள். தமிழில் சிலேடை பாதிதான் வருகிறது. ஆனால் தெருவின் அடியில் ஆறு இருந்தது என்பதை இதைவிட நன்றாக யாரும் பதிவு செய்யவில்லை.

மெல்வில் வந்தது 1849 நவம்பரில். 30 வயசு, ஊரில் மனைவியும் ஒரு வயசு நிரம்பாத மகனும். கையில் புது நாவலின் அச்சுத்தாள்கள். லண்டன் பதிப்பாளர்களிடம் நல்ல விலைக்கு விற்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஆற்றுப் பக்கத்து முனையில் 25-ஆம் எண் வீட்டின் மேல்மாடியில், தேம்ஸைப் பார்த்த அறை. வாடகை வாரத்துக்கு ஒன்றரை கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ். தினமும் நாட்குறிப்பு எழுதினார், அதனால் இவ்வளவும் தெரிகிறது. காலையில் வெளியே வந்தால் மஞ்சள் மூடுபனி. புத்தகக் கடைகள், மதுக்கடைகள், நாடகம் என்று சுற்றுகிறார். நடுவில் பாரிஸும் ஜெர்மனியும் போய்விட்டு அதே அறைக்குத் திரும்புகிறார். கடைசியில் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பதிப்பாளர் 200 பவுண்டு கொடுத்தார். ரட்லண்ட் பிரபு தன் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். போயிருந்தால் எழுதுவதற்கு எவ்வளவோ கிடைத்திருக்கும், ஆனால் வீட்டு நினைப்பு தாங்காமல் அழைப்பை விட்டுவிட்டு டிசம்பர் 25 அன்று கப்பல் ஏறினார். ஊருக்குப் போனதும் உட்கார்ந்த வேலைதான் மோபி டிக். அதில் திமிங்கிலம் பிடிப்பவர்களின் குலப்பெருமையைப் பேசும்போது, பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பாட்டி நான்டக்கெட்டில் ஃபோல்ஜர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்று ஒரு வரி வரும். மேலே நினைவில் வைக்கச் சொன்ன பெயர்.

அந்த நாட்குறிப்பில் எனக்குப் பிடித்த இடம் டிசம்பரில் வருகிறது. மூன்றரை ஷில்லிங் கொடுத்து 1766-ஆம் வருஷத்து லண்டன் வரைபடம் ஒன்றை வாங்குகிறார். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் லண்டனில் பிச்சைக்காரனாகத் திரிந்த ஒருவனைப் பற்றி என்றாவது எழுதினால் உதவும் என்று. அதைப் பிறகு எழுதவும் செய்தார், ஃபிராங்க்ளினும் அந்த நாவலில் ஒரு பாத்திரம். 1766-இல் ஃபிராங்க்ளின் இதே தெருவில், சில வாசல் தள்ளித்தான் இருந்தார்.

கதைகளில் இந்தத் தெரு வருவதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆலிவர் ட்விஸ்டில் நல்ல மனசுக்கார பிரவுன்லோவைத் தேடி ரோஸ் வருவது கிரேவன் தெருவுக்கு. ஷெர்லக் ஹோம்ஸின் பாஸ்கர்வில் கதையில் வில்லன் தன் மனைவியை அடைத்துவைக்கும் விடுதியும் இங்கேதான். டிக்கன்ஸ் காலத்துக் கனவான் வீட்டிலிருந்து டாயில் காலத்து மலிவு விடுதி வரை, தெரு இறங்கின இறக்கம் இந்த இரண்டு கதையிலேயே தெரியும்.

அந்த இறக்கத்துக்கு முக்கியக் காரணம் ரயில். 1864-இல் பக்கத்து ஹங்கர்ஃபோர்ட் சந்தையை இடித்து சேரிங் கிராஸ் நிலையம் வந்தது, ஒரு பக்கத்து வீடுகளின் முதுகில் அதன் சுவர். அப்புறம் 1870-இல் விக்டோரியா அணைக்கரை. கழிவுநீர்க் குழாயைப் புதைக்க ஆற்றோரத்தைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள், தேம்ஸ் தள்ளிப் போய்விட்டது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்ட்ராண்ட் பக்கமிருந்து இறங்குங்கள். முதலில் 36-க்குள் போங்கள். 2006 ஜனவரி 17, ஃபிராங்க்ளினின் 300-ஆவது பிறந்தநாள் அன்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். பெரிய காட்சிப் பெட்டிகளை எதிர்பார்க்க வேண்டாம், வீடுதான் காட்சி: பழைய படிக்கட்டு, மரப்பலகை பதித்த சுவர், கொஞ்சம் சாய்ந்த தரை. தோண்டி எடுத்த எலும்புகளில் சில அங்கேயே வைத்திருக்கிறார்கள். பிறகு 32, ஹைனேயின் பலகை. கடைசியாகக் கீழே 25. அங்கே நின்று மெல்வில் பார்த்த ஆற்றைத் தேடினால் கிடைக்காது. இன்னும் கொஞ்சம் நடந்து, சாலையைக் கடந்து, தோட்டத்தைத் தாண்டிப் போக வேண்டும்.